நீல மூடிகள்

கழிவறை தேடித்தான் முதன்முதலில் அந்த ஓவியக்கூடத்தின் படியேறினேன்.

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாமல் போன பிறகு, செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் அவரை டயாலிசிஸுக்குத் தஞ்சாவூர் அழைத்துப் போவேன். எங்கள் ஊர் அம்மாபேட்டைக்குப் பக்கம். காலைப் பாசஞ்சரில் ஏறினால் ஒன்பதுக்குள் மருத்துவமனைக்குப் போய்விடலாம். அவரை உள்ளே கூப்பிட்டுக்கொண்டால் நான்கு மணி நேரம் கழித்துத்தான் வெளியே விடுவார்கள். கூட வந்தவர்கள் உட்கார ஒரு கூடம் இருந்தது. இரும்பு நாற்காலிகள், சத்தம் குறைத்து வைத்த ஒரு டி.வி. அன்றைக்குக் கழிவறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை. என் கணவருக்குப் பக்கத்துப் படுக்கையில் டயாலிசிஸ் செய்துகொள்பவரின் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எதிர் சந்துல ஒரு மாடி இருக்கும்மா. படமெல்லாம் மாட்டி வச்சிருப்பாங்க. கேட்டா விடுவாங்க, நான் போயிருக்கேன்" என்றார்.

முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டாக இருந்த மாடி அது. தஞ்சாவூரிலும் சுற்று வட்டாரத்திலும் படம் வரைகிற சிலர் சேர்ந்து அதை வாடகைக்கு எடுத்துப் பொதுவாக வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து மாட்டலாம், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். சட்டையெல்லாம் பெயிண்ட்டாக, முப்பது வயது இருக்கும், ஒரு பெண் தரையில் உட்கார்ந்து சட்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"டாய்லெட் போகணுங்க."

"உள்ள இடது பக்கம்க்கா. தாழ்ப்பாள் சரியா விழாது, கொஞ்சம் தூக்கிப் போடுங்க."

வெளியே வந்ததும் அப்படியே இறங்கிப் போவது நன்றாக இருக்காது என்று சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதுவும் புரியவில்லை. மின்விசிறி ஓடியது, இடம் குளிர்ச்சியாக இருந்தது. அந்தப் பெண் எங்கிருந்து வருகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன். "செவ்வாயும் வியாழனும் காலையில லேடீஸுக்கு கிளாஸ் நடக்குது. சும்மாதானே உக்காந்திருக்கப் போறீங்க? அங்க உக்கார்றதை இங்க உக்காருங்க" என்றார். மறுவாரத்திலிருந்து நானும் அவரை மற்றவர்களைப் போல டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் பென்சிலால் ஒரு கோடு போட்டதில்லை. கூட்டுறவுச் சங்கத்து இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பட்டா, சிட்டா எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. வாரம் மூன்று நாள் விடுப்பு எடுத்தால் யார் வேலையில் வைத்துக்கொள்வார்கள்? இரண்டாவது மாதமே நானாக நின்றுகொண்டேன். ஆனால் ஊர்க்காரர்கள் விடவில்லை. என் நம்பர் எல்லாரிடமும் இருந்தது. "என் பட்டா மாத்துறது என்னாச்சு?" என்று நாள் முழுக்கக் கூப்பிடுவார்கள். கிளாஸில் உட்காரும்போது ஃபோனைச் சைலன்ட்டில் போட்டுப் பையில் வைத்துவிடுவேன். அந்தப் பழக்கம் அப்படி வந்ததுதான்.

முதல் நாள் டீச்சர் ஒரு அட்டையைக் கொடுத்து, பையில் என்ன காகிதம் இருக்கிறதோ அதைக் கிழித்து ஒட்டச் சொன்னார். மற்றவர்கள் பையிலிருந்து கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடை பில், மளிகைச் சீட்டு வந்தன. என் பையில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் மட்டும் இருந்தன. டயாலிசிஸுக்கு முன்னால் எடை எவ்வளவு, பின்னால் எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று எழுதிய சீட்டுகள். கிழித்து ஒட்டினேன். மேலே பச்சையைத் தண்ணீராகக் கரைத்துப் பூசச் சொன்னார். பூசினேன். பச்சைக்கு அடியில் எண்கள் மங்கலாகத் தெரிந்தன. டீச்சர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "அக்கா, இதைப் பெருசா செய்யலாம்" என்றார்.

அப்படித்தான் அந்தப் பலகை வந்தது. நாலடி நீளம், மூன்றடி அகலம், பிளைவுட்.

டயாலிசிஸ் மெஷினில் மாட்டுகிற டியூப்கள் புதிது புதிதாகப் பாக்கெட்டில் வரும். இரண்டு முனையிலும் சின்ன மூடிகள் இருக்கும். நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. மாட்டுவதற்கு முன்னால் கழற்றிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அந்த நீலம் எனக்குப் பிடித்திருந்தது. அங்கிருந்த நர்ஸிடம் கேட்டேன்.

"எதுக்கு?"

"ஒட்டறதுக்கு சிஸ்டர். படத்துல."

நர்ஸ் சிரிக்கவில்லை. "ரத்தம் பட்டது எதையும் தொடக் கூடாது. இது பாக்கெட்டுலேர்ந்து எடுத்ததும் கழட்டறது, அதனால தரேன்" என்று ஒரு கவரில் சேர்த்து வைத்துத் தர ஆரம்பித்தார். தேதி முடிந்துபோன ஒரு டியூப் செட்டையும் பிரிக்காமல் கொடுத்தார்.

பச்சைப் பலகையில் நீல மூடிகளை வரிசையாக, நாற்று நட்டதுபோல ஒட்டினேன். டியூபை நடுவில் வாய்க்கால் மாதிரி வளைத்துவிட்டேன். அது எதைக் குறிக்கிறது என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. பலகை பச்சையாக இருந்தது, அதனால் வயலானது. வயல் என்றால் வாய்க்கால் வேண்டும். கையில் டியூப் இருந்தது.

என் கணவர் மோட்டார் காயில் கட்டுகிறவர். எங்கள் பக்கத்துப் பம்புசெட்டுகளில் பாதி அவர் கை பட்டவை. உடம்பு விழுந்தபின் கடையைச் சாத்தியாகிவிட்டது. விரல்கள் மட்டும் சும்மா இருக்காமல், வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து அவருக்குக் கொஞ்சம் தெம்பு இருந்ததால், கைத்தாங்கலாக மாடிக்கு அழைத்துப்போய்ப் பலகையைக் காட்டினேன்.

"என்ன இது?"

"வயல்."

"எந்த ஊர்ல பயிர் நீலமா இருக்கு?"

அவர் குனிந்து டியூபை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். அது பாதி பெயர்ந்து வந்தது.

"கோந்து நிக்காது. பலகையில ஓட்டை போட்டு ஒயரை உள்ள விட்டு முறுக்கணும். கடையில வைண்டிங் ஒயர் மிச்சம் கெடக்கு, கொண்டாரேன்."

அடுத்த முறை ஒரு சின்னச் சுருள் செம்புக் கம்பி கொண்டுவந்தார். எங்கெங்கே துளை போட வேண்டும் என்று பென்சிலால் பதினோரு இடத்தில் புள்ளி வைத்துக் கொடுத்தார். முறுக்கும்போது எத்தனை சுற்று என்றும் சொன்னார். படத்தைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். அது நன்றாக இருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை. ஒன்பதரைக்கு அவரை உள்ளே விட்டுவிட்டு நான் மாடிக்குப் போனேன். கீழ் இடது மூலையில் இரண்டு வரிசை பாக்கியிருந்தது. பலகையில் கோந்தைத் தடவி, மூடியை அதன்மேல் வைத்து, நூறு எண்ணும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெண்கள் யாரோ வீட்டு வளைகாப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கையைக் கழுவிவிட்டு மணி பார்க்க ஃபோனை எடுத்தேன். ஏழு அழைப்புகள். ஏழும் ஆஸ்பத்திரி நம்பர்.

நான் ஓடவில்லை. இதைப் பிறகு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். செருப்பைப் போட்டுக்கொண்டு, படியிறங்கி, சாலையில் ஆட்டோ போகும்வரை நின்று, கடந்து போனேன். போய்ச் சேர்ந்தபோது அவருடைய படுக்கை காலியாக இருந்தது. பிரஷர் இறங்கி, நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி, இதயம் நின்று, திரும்ப ஓட வைத்து, ஐ.சி.யூவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முதல் அழைப்புக்கும் நான் போனதற்கும் நடுவில் இருபத்தைந்து நிமிடம். அதற்குப் பிறகு அவருக்கு நினைவு திரும்பவில்லை. மறுநாள் காலையில் முடிந்துபோனது.

"எங்கே போயிருந்தீங்க?" என்று டாக்டரும் கேட்டார், கொழுந்தனாரும் கேட்டார், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகளும் வந்திறங்கியதும் கேட்டாள். எல்லாரிடமும் ஒரே பதிலைச் சொன்னேன். "அந்த மாடியில டவர் கிடைக்கலை."

பதினாறாம் நாள் காரியம் வரை வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். நான் அழவில்லை. அழவில்லையே என்று பயமாகவும் இல்லை. அத்தைமார் யாரோ, "உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டா உடம்புக்காகாது" என்று முதுகைத் தடவினார்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? சாப்பிட்டேன், தூங்கினேன். செவ்வாய்க்கிழமை விடிந்தால் தானாக எழுந்து குளித்துவிட்டு, பாசஞ்சர் போகும் சத்தம் கேட்கும்வரை சேலை மாற்றாமல் உட்கார்ந்திருப்பேன். ரயில் போனபின் வேறு வேலை பார்ப்பேன். மகள் ஒரு மாதம் இருந்துவிட்டுக் கோயம்புத்தூர் திரும்பினாள். தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். "சாப்பிட்டியாம்மா?" "சாப்பிட்டேன்." "என்ன சாப்பிட்ட?" அதற்கும் சரியான பதில் சொல்லிவிடுவேன்.

பொங்கல் கழிந்து டீச்சர் கூப்பிட்டார். இந்த வட்டாரத்துக்காரர்கள் ஒன்பது பேருடைய படங்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தப்போவதாகவும், என் பலகை அங்கேயே இருக்கிறது, அதையும் மாட்டலாமா என்றும் கேட்டார்.

"இன்னும் முடியலையே டீச்சர்."

"முடிஞ்சுதான் இருக்குக்கா. எனக்கு அப்படித்தான் தோணுது."

சரி என்றேன். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார், அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். சரி என்பது சுலபமாக இருந்தது. வருஷம் திரும்பாமல் இவள் எக்ஸிபிஷனுக்குப் போகிறாளே என்று சொந்தத்தில் பேசிக்கொண்டார்கள். அது காதில் விழுந்தது, வேறெங்கும் விழவில்லை.

கண்காட்சி பத்து நாள். வரைந்தவர்கள் முறைபோட்டு உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்கு வேலை, காலேஜ் என்று இருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை என்பதால் பத்து நாளும் நானே போனேன். காலையில் பூட்டைத் திறந்து, பெருக்கி, விளக்குகளைப் போடுவேன். வாசலுக்கருகில் ஒரு மேஜை, கையெழுத்துப் போடுகிற நோட்டு, ஒரு நாற்காலி.

நன்னிலத்துப் பக்கம் பாங்கில் வேலை பார்க்கிற ஒருவர் எருமைகளை மட்டுமே வாட்டர்கலரில் வரைந்திருந்தார். பன்னிரண்டு எருமைகள். கோடியக்கரைப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, காலேஜ் படிக்கிறவள், பழைய வலையைத் துணியில் தைத்து அதன்மேல் உப்பளத்து உப்பைக் கோந்தில் கலந்து அப்பியிருந்தாள். கடல் மாதிரியும் இருக்கும், சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் மாதிரியும் இருக்கும். தை மாதப் பனிக்கு அந்த உப்பு கசிந்தது. தினமும் காலையில் அந்தப் படத்துக்கு நேர் கீழே தரையில் நாலைந்து சொட்டு நீர் நிற்கும். துணியால் துடைப்பேன். அவளிடம் ஃபோனில் சொன்னபோது, "ஐயோ, சாரிக்கா! அது நிக்காது, எங்க வீட்டு செவுரே அப்படித்தான்" என்றாள். அதைத் துடைப்பது எனக்குப் பிடித்திருந்தது. அந்த நாட்களில் பிடித்திருந்தது என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

என் பலகை உள் சுவரில் ஜன்னலுக்கு எதிரே இருந்தது. கீழே சின்ன அட்டையில் 'வயல்' என்றும், அதற்கடியில் 'மிக்ஸட் மீடியா' என்றும் போட்டிருந்தார்கள். பொதுப்பணித் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் நண்பரைக் கூட்டிவந்து விளக்கினார். "பாத்தீங்களா, டியூப்ல தண்ணி இல்லை. மேட்டூர் திறக்கலைன்னா டெல்டா இப்படித்தான்னு சொல்ல வர்றாங்க." என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்படித்தானேம்மா?" என்றார். "ஆமாங்க" என்றேன். காலேஜ் மாணவிகள் வந்து, இது ரசாயன உரத்தைப் பற்றியதா என்று கேட்டார்கள். அதற்கும் ஆமாம் என்றேன். ஒரு நடுவயதுப் பெண் பச்சைக்கு அடியில் இருந்த எண்களைக் கிட்டே போய்ப் படித்தார். அவர் வீட்டிலும் யாருக்கோ டயாலிசிஸ் நடந்திருக்கும் போலிருக்கிறது. எடை, பிரஷர் என்று உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டே போனவர் சட்டென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய் நீட்டினேன். குடித்துவிட்டு, "நீங்க வரைஞ்சதா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சூடாக இருந்தது. வேறு யாரோ ஒருத்தியின் கையை அவர் பிடித்திருக்கிறார், நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன் என்பதுபோல இருந்தது எனக்கு.

ஏழாம் நாள் வியாழக்கிழமை. மதியம் இரண்டு மணிக்குப் படியில் ரொம்ப மெதுவாக யாரோ ஏறி வருகிற சத்தம் கேட்டது. நாலு படிக்கு ஒருமுறை நின்று நின்று வந்தது. எட்டிப் பார்த்தேன். என் கணவருக்குப் பக்கத்துப் படுக்கைக்காரர், இந்த மாடிக்கு எனக்கு வழி சொன்ன அக்காவின் வீட்டுக்காரர். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இடது கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சும் பிளாஸ்திரியும் ஒட்டியிருந்தது. அன்றைக்கு முடித்துக்கொண்டு நேராக வந்திருக்கிறார்.

"ஏண்ணே, இந்த ஒடம்போட மாடியெல்லாம் ஏறிக்கிட்டு? அக்கா எங்க?"

"மருந்து வாங்க நிக்குது. நீ இங்க இருக்கேன்னு சிஸ்டர் சொன்னாங்க. பாத்துட்டுப் போலாம்னு."

நாற்காலியைப் பலகைக்கு முன்னால் போட்டு உட்காரவைத்தேன். மூச்சு அடங்குகிறவரை முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு நீல மூடிகளைப் பார்த்தார்.

"இது நம்ம டியூப் மூடிதானே?"

"ஆமாண்ணே."

"என்னோடதும் இருக்குமா இதுல?"

"இருக்கும். சிஸ்டர் எல்லாத்தையும் ஒண்ணாத்தான் போட்டுக் குடுப்பாங்க."

அவர் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. எது தன்னுடையது என்று தேடுகிறவர் மாதிரி வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார். அவர் முதுகுப் பக்கம் நின்றுகொண்டு கேட்டேன். கேட்கப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"அன்னைக்கு என்னண்ணே நடந்துச்சு?"

திரும்பவில்லை அவர். "இப்ப எதுக்கும்மா அது?" என்றார்.

"நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க."

"இருந்தேன்." பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நெருடினார். "நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாரு. எங்க ஊரு போர் மோட்டாரு இழுக்க மாட்டேங்குதுன்னு சொன்னேன், கெப்பாசிட்டர் போயிருக்கும்னாரு. அப்புறம் ஒரு மாதிரி வேர்த்துது. உன்னைக் கேட்டாரு."

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை. மொதத் தடவை சும்மா கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. 'அது வந்துருச்சா'ன்னாரு. மணி பதினொண்ணுகூட ஆகலை, இன்னும் நேரம் கெடக்குன்னேன். ரெண்டாந்தடவை நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் தண்ணி கேட்டாரு."

"குடுத்தாங்களா?"

"அதுக்குள்ள ஸ்க்ரீனை இழுத்துட்டாங்கம்மா. எனக்குத் தெரியலை."

ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் என்று அளந்து அளந்து இரண்டு வருஷம் அவருக்குத் தண்ணீர் கொடுத்தவள் நான். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அது நினைவுக்கு வந்தது. வந்து அப்படியே நின்றது. அழுகை வரும் என்று நினைத்தேன், காத்திருந்தேன். வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்புகிறவரை கேட்டுக்கொண்டு நின்றேன்.

"சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ" என்றார் அவர்.

"இல்லண்ணே. நான்தானே கேட்டேன்."

அவர் மனைவி மருந்துப் பையோடு கீழே வந்து சத்தம் கொடுத்தார். இரண்டு பேருமாக அவரைப் பிடித்துப் படியிறக்கி ஆட்டோவில் ஏற்றினோம். ஆட்டோ நகரும்போது அவர் தலையை வெளியே நீட்டி, "சிவப்பை ஏன் வைக்கலை?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ஆட்டோ திரும்பிவிட்டது. சிவப்பு மூடிகள் ஒரு டப்பா நிறைய வீட்டில் இருந்தன.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. மகள் கோயம்புத்தூரிலிருந்து நேராகத் தஞ்சாவூர் வந்து இறங்கினாள். பையைக்கூட இறக்காமல் எல்லாப் படங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். உப்புப் படத்தைத் தொட்டு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். எருமைகளைப் பார்த்துச் சிரித்தாள். என் பலகைக்கு முன்னால் மட்டும் ரொம்ப நேரம் நின்றாள். செம்புக் கம்பி முறுக்கியிருந்த இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள்.

"இது அப்பா வேலை."

"ஒயரும் எடமும் அவரு சொன்னது. முறுக்குனது நான்."

"அப்பா மாதிரியே முறுக்கியிருக்க" என்றாள்.

மூன்று மணிக்குச் சாப்பிடப் போனோம். பஸ் ஸ்டாண்டு போகிற வழியில் ஒரு ஹோட்டல். சாப்பாடு முடிந்துவிட்டது, ரவா தோசைதான் இருக்கிறது என்றார்கள். தோசை வருவதற்கு நேரமானது. மேஜையில் சிந்திய தண்ணீரை விரலால் இழுத்துக் கோடு போட்டுக்கொண்டே நான் உட்கார்ந்திருந்தேனாம், அவள் பிறகு சொன்னாள். எனக்கு நினைவிருப்பது நான் பேசியது மட்டும்தான்.

"அன்னைக்கு டவர் கெடைக்கலைன்னு சொன்னேன்ல. டவர் இருந்துச்சு. நான்தான் சைலன்ட்ல போட்டிருந்தேன்."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தெரியும்மா."

"எப்படி?"

"ரிங் போச்சு, ஆனா எடுக்கலைன்னு சிஸ்டர் அன்னைக்கே சொன்னாங்க. டவர் இல்லைன்னா ரிங் எப்படிப் போகும்?"

சர்வர் தோசையைக் கொண்டுவந்து வைத்தார். சட்னி, சாம்பார் என்று ஊற்றிவிட்டுப் போனார்.

"ஏன் கேக்கலை நீ?"

"என்ன கேக்குறது? நீ பொய் சொல்றேன்னு தெரிஞ்சுது. கோவமா இருந்துச்சு. தெனமும் போன் பண்றப்ப கேக்கணும்னு நினைப்பேன். சாப்பிட்டியான்னு கேட்டுட்டு வச்சிருவேன்."

"இப்ப?"

"இப்பவும் இருக்கு, கொஞ்சம்." தோசையைக் கிழித்தாள். "நீ அங்கேயே இருந்திருந்தாலும் அப்பா பொழைச்சிருக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும். டாக்டர் சொல்லிட்டாரு. அது வேற, இது வேறம்மா."

"ஆமா" என்றேன். "ரெண்டு தடவை என்னைக் கேட்டாராம்."

அவள் கை நின்றது. யார் சொன்னது என்று கேட்டாள். கண்டக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன், தண்ணீர் கேட்டது வரைக்கும். கேட்டு முடித்ததும் அவள் எழுந்து கை கழுவுகிற இடத்துக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோள் குலுங்குவது தெரிந்தது. எழுந்து போகலாமா என்று நினைத்தேன். போனேன். பக்கத்தில் நின்றேன். என் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, தள்ளிவிடவும் இல்லை. "தோசை ஆறிடும்" என்றாள். திரும்பி வந்து இருவரும் முழுவதும் சாப்பிட்டோம்.

ஐந்து மணிக்குப் படங்களை இறக்க எல்லாரும் வந்துவிட்டார்கள். பாங்க்காரர் எருமைகளைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி அடுக்கினார். என் பலகையை எப்படி எடுத்துப் போவது என்று டீச்சர் கேட்டார். வேன் பிடித்துத் தரட்டுமா என்றார். நான் மகளைப் பார்த்தேன்.

"வீட்டுல வேணாம்மா" என்றாள். "தெனமும் அதைப் பாத்துக்கிட்டு நீ தனியா உக்காந்திருக்க வேணாம். இங்க இருக்கட்டும். பாக்கணும்னா வந்து பாரு."

டீச்சர் சரி என்றார். உள்ளறையில் சுவரோரமாக, தரையில் படாமல் இரண்டு செங்கல் வைத்து அதன்மேல் நிறுத்தினோம். தூசி படாமல் மேலே ஒரு வேட்டியைப் போர்த்தினார். "அக்கா, வர்ற செவ்வாய்க்கிழமை கிளாஸ் இருக்கு" என்றார். பார்க்கலாம் என்றேன். அந்தச் செவ்வாய் நான் போகவில்லை. அதற்கு அடுத்த செவ்வாய் போனேன், அதிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன். இப்போது சின்ன அட்டைகளில் கலர் மட்டும் பூசுகிறேன், எதையும் ஒட்டுவதில்லை. நன்றாக வருகிறதா என்றால் தெரியாது. சில நாள் ஒரு மஞ்சளைப் பார்த்தால் ஏதோ இருக்கிறது போலத் தோன்றும். மற்ற நாட்களில் அது வெறும் மஞ்சள்.

கண்காட்சி முடிந்த அன்று சாயங்கால ரயிலில் கூட்டமில்லை. எதிரெதிரே ஜன்னலோரம் உட்கார்ந்தோம். வெளியே சம்பா அறுத்த வயல்கள், நடுநடுவே அறுப்பு மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்த வயல்கள். சாலியமங்கலம் தாண்டும்வரை மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து என் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு என்னத்த ஒட்டிக்கிட்டிருந்த?"

"எப்ப?"

"ரிங் போனப்ப."

"கீழ் மூலை. கடைசிக்கு முந்தின வரிசை."

மத்தியானம் எடுத்திருந்த ஃபோட்டோவை ஃபோனில் திறந்து என்னிடம் நீட்டினாள். நான் காட்டினேன். அவள் இரண்டு விரலால் அந்த இடத்தைப் பெரிதாக்கினாள். ஆறு மூடிகள் ஒட்டியிருந்தன, ஏழாவதன் இடத்தில் கோந்து மட்டும் காய்ந்து பளபளத்தது. அதற்குப் பிறகு வெறும் பச்சை. பச்சைக்கு அடியில் ஏதோ ஒரு நாளின் எடை.

"எது?"

"ஆறாவது."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஃபோன் வெளிச்சம் மங்கும்போதெல்லாம் விரலால் தொட்டு எழுப்பினாள். அம்மாபேட்டை வருகிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சாமான்களை இறக்க ஆரம்பித்தார்கள். நான் அவளுடைய பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். இருவரும் இறங்கினோம்.